விதைக்குச் சாட்சி இலையில் இருக்கிறது!



போன பருவத்தில் நம் கிளைச் சங்க உறுப்பினர்கள் ஒன்பது பேர் ஒரே கடையில், ஒரே பெயர் போட்ட வீரிய ஒட்டுப் பருத்தி விதையை வாங்கிக் கரிசலில் ஊன்றினோம். முளைப்பில் குறை சொல்ல முடியாது. நாற்பது நாள் ஆனதும்தான் கோளாறு கண்ணில் பட்டது. ஒரே சாலில் ஒரு செடி முழங்கால் உயரம், பக்கத்துச் செடி இடுப்பு உயரம். ஒன்று சப்பை வைத்துப் பூத்துக்கொண்டிருக்கிறது, இன்னொன்று இலையைத் தவிர வேறு எதையும் வைக்க மாட்டேன் என்று நிற்கிறது. இலையின் வெட்டுகூட ஒன்றுபோல இல்லை. வரப்பில் நின்று பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஏ தம்பி, இது ஒரு வீட்டுப் பிள்ளைக இல்லப்பா, திருவிழாவுல சேந்த கூட்டம்லா" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மனுக் கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், செடிகளை எண்ணினார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். கம்பெனிக்காரர் ஒருவரும் பைக்கில் வந்தார். மழை சரியில்ல அண்ணாச்சி என்றார். மண்ணு சரியில்ல என்றார். மருந்தை மாத்தி அடிச்சிட்டீங்க என்றார். விதையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நமக்கு வந்த பதில் இதுதான்: விதையில் கலப்பு இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

பழைய முறையில் அந்த ஆதாரத்தைத் தேட வேண்டுமென்றால், அதே லாட் விதையை மறுபடி ஒரு வயலில் ஊன்றி, வளர்த்து, பூக்கும்வரை காத்திருந்து செடி செடியாகப் பார்க்க வேண்டும். ஒரு பருவம் போய்விடும். அதற்குள் நம் காட்டுப் பருத்திமார் அடுப்பில் எரிந்து சாம்பலாகிவிட்டது. கடையில் அந்த லாட் தீர்ந்துவிட்டது. சாம்பலைக் கொண்டுபோய் எந்த ஆபீசில் கொடுப்பது?

இந்தக் கதையை ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, வேளாண்மை படிக்கிற நம் உறுப்பினர் ஒருவரின் மகள் குறுக்கே புகுந்து, "ஏன் மாமா, செடிக்கு ஒரு இலையைக் கிள்ளி வச்சிருந்தா போதுமே, டி.என்.ஏ. சொல்லிருக்குமே" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் இந்தத் தலையங்கத்துக்குக் காரணம். அதன் பிறகு கேட்டும் படித்தும் நாம் தெரிந்துகொண்டதை நம் ஆட்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதில் நம் நஷ்டஈடும் இருக்கிறது, நாளைக்கு நாம் ஊன்றப்போகிற விதையும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். டி.என்.ஏ. என்றாலே "அது பி.டி. தானே" என்று நம் தோழர்கள் கேட்கிறார்கள். இல்லை. பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் செருகுவது. அது நம் நாட்டில் 2002 மார்ச்சில் மூன்று ஒட்டுரகங்களில் அனுமதிக்கப்பட்டது. நாம் இங்கே பேசுவது வேறு. பருத்திக்குள் ஏற்கெனவே இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பது. படித்துப் பார்த்து, இந்தச் செடிக்கும் அந்தச் செடிக்கும் எங்கே வேறுபாடு என்று கண்டுபிடிப்பது. செருகுவது இல்லை, வெட்டுவது இல்லை. வாசிப்பது மட்டும்.

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிய நீண்ட பத்திரம். நாம் இப்போது பெரும்பாலும் பயிரிடும் அமெரிக்கப் பருத்தி இனத்தில் அந்தப் பத்திரம் ஏறத்தாழ 230 கோடி எழுத்து நீளம். இரண்டு ரகங்களின் பத்திரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு எழுத்து மாறியிருக்கும். அந்த மாறிய இடம்தான் மார்க்கர், அடையாளக் குறி.

நம் கீதாரிகள் ஆட்டின் காதில் வெட்டு அடையாளம் வைப்பார்கள். அந்த வெட்டினால் ஆடு கொழுக்காது, பால் கூடாது. ஆனால் எந்த மந்தை ஆடு என்று சொல்லிவிடும். மார்க்கரும் அப்படித்தான். அது நல்ல குணமாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. நல்ல குணத்துக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றால் போதும். தலைமுறை தலைமுறையாக இரண்டும் சேர்ந்தே போகும். குட்டி நிற்கிற இடத்தில் தாய் ஆடு நிற்கும் என்பது போல. தூரத்தில் இருக்கிற குறி என்றால் கலப்பின்போது பிரிந்துவிடும், ஏமாற்றிவிடும். அதனால்தான் குணத்துக்கு நெருக்கமான குறியைத் தேடிப் பத்திரம் முழுவதையும் படிக்கிறார்கள்.

இப்போது நம் ஒன்பது பேர் கதைக்கு வருவோம். வீரிய ஒட்டு என்பது ஒரு தாய் ரகமும் ஒரு தந்தை ரகமும் சேர்ந்த முதல் தலைமுறை. தாய்க்கும் தந்தைக்கும் எழுத்து மாறுகிற சில இடங்களைத் தெரிந்து வைத்திருந்தால், ஒட்டுச் செடியில் இரண்டு பேர் எழுத்தும் இருந்தாக வேண்டும். தாயின் எழுத்து மட்டும் இருந்தால், விதை உற்பத்தியில் பூவின் ஆண் பகுதியைக் கிள்ளி எடுக்காமல் விட்டு, அது தன் மகரந்தத்திலேயே பிடித்த காய் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத எழுத்து வந்தால், வேற்று விதை கலந்திருக்கிறது. ஒரு பருவம் காத்திருக்க வேண்டாம், சில நாளில் தெரிந்துவிடும். (அந்தப் பூக்களைக் கையால் கிள்ளுகிற வேலையில் நம் மாநிலத்திலும் எத்தனை சின்னப் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய் நின்றார்கள் என்பது தனிக் கதை. அதையும் ஒரு நாள் எழுதுவோம்.)

"விதையைத்தான் சோதிக்கிறார்களே" என்று சிலர் சொல்லலாம். முளைப்புத்திறன் பார்க்கிறார்கள். பி.டி. இருக்கிறதா என்று பார்க்கவும் சோதனை உண்டு. ஆனால் பி.டி. இருக்கிறது என்பதால் அது பாக்கெட்டில் பெயர் போட்ட ஒட்டுதான் என்று ஆகிவிடுமா? நூற்றுக்கணக்கான ஒட்டுகளில் இருப்பது அதே பி.டி. தானே! சட்டை ஒன்று என்பதால் ஆளும் ஒன்றாகிவிட மாட்டான்.

இது விவசாயி மட்டும் பட்ட ஏமாற்றம் இல்லை, அரசுக்கே நடந்தது. பொதுத்துறை ஆராய்ச்சியில் உருவாக்கி, விதையை விவசாயியே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி 2009இல் பிகானேரி நர்மா என்ற பி.டி. பருத்தி ரகத்தை வெளியிட்டார்கள். அதில் கம்பெனியின் மரபணு கலந்திருப்பது தெரியவந்து விற்பனை நின்றுபோனது. வயலுக்கு வருமுன் எழுத்தைச் சரியாகப் படித்துப் பார்த்திருந்தால் அந்த அவமானம் நேர்ந்திருக்காது. நமக்கு அதில் சந்தோஷம் இல்லை, வயிற்றெரிச்சல்தான். நல்ல நோக்கத்தில் வந்த ஒரே விதையும் அப்படிப் போயிற்றே என்று.

சரி, இது சாட்சி சொல்கிற வேலை. இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. புது ரகம் உண்டாக்குவது.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். வேர்முடிச்சு நூற்புழு பருத்தியின் வேரைக் கெடுக்கும். அதைத் தாங்குகிற ஆபர்ன் 623 என்ற பருத்தியை அங்கே அரசு ஆராய்ச்சியாளர்கள் 1974லேயே வெளியிட்டார்கள். ஆனால் அந்தக் குணம் விவசாயி வாங்கும் விதைக்குள் வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தது. ஏன்? ஒவ்வொரு செடியையும் தொட்டியில் வளர்த்து, புழுவை விட்டு, பிறகு வேரைப் பிடுங்கிக் கழுவி முட்டையை எண்ண வேண்டும். ஆயிரம் செடிக்கு இதை யார் செய்வது? பிறகு, அந்தக் குணத்துக்கு முக்கியமானவை 11ஆம் குரோமோசோமிலும் 14ஆம் குரோமோசோமிலும் இருக்கிற இரண்டு இடங்கள் என்று மார்க்கர் மூலம் கண்டுபிடித்தார்கள். நாற்றிலேயே இலை ஒன்றைக் கிள்ளிப் பார்த்து இரண்டும் உள்ள செடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. வேரைப் பிடுங்க வேண்டிய வேலை குறைந்தது, காலமும் குறைந்தது. வேறு எந்த உயிரின் மரபணுவும் அதற்குள் செருகப்படவில்லை.

பருத்தியில் இந்த வேலை சுலபமாகவும் இல்லை. நெல்லைப் போல நேரான பயிர் இல்லை இது. பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு வேறு பருத்தி இனங்கள் சேர்ந்து உண்டானது இன்றைய அமெரிக்கப் பருத்தி. ஒரு பங்கு நம் கருங்கண்ணி போன்ற பழைய உலகப் பருத்தியின் உறவு, இன்னொரு பங்கு தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் காட்டுப் பருத்தி ஒன்றின் உறவு. 26 ஜோடி குரோமோசோமில் இரண்டு குடும்பப் பத்திரமும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. ஒரே மாதிரி வாக்கியம் இரண்டிலும் வரும். துண்டு துண்டாகப் படிக்கிற இயந்திரம் எது அண்ணன் பத்திரம், எது தம்பி பத்திரம் என்று தடுமாறும். ரகங்களுக்கு இடையிலான வேறுபாடு என்று நினைத்தது, ஒரே செடிக்குள் இருக்கிற இரண்டு பங்குக்கு இடையிலான வேறுபாடாக முடிந்துவிடும். அதோடு இந்த இனத்தின் ரகங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் என்பதால் உண்மையான வேறுபாடே குறைவு. அதனால்தான் முதலில் பெருக்காட்டுப் பருத்தியை 2012இலும், நம் கருங்கண்ணி இனத்தை 2014இலும், பிறகே அமெரிக்கப் பருத்தியை 2015இலும் படித்து வெளியிட்டார்கள். அதே 2015இல் 63,000 எழுத்து மாற்றங்களை ஒரே தடவையில் பார்க்கிற சிப்பும் வந்தது. பத்திரம் வெளியே வந்து பத்து வருஷம் தாண்டிவிட்டது. நம் கரிசலுக்கு அதிலிருந்து என்ன வந்தது என்பதுதான் நம் கேள்வி.

நமக்கு என்ன வேண்டும் என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் நம்மிடம் வந்து கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறோம். மானாவாரிக் கரிசலுக்கு 140, 150 நாளில் முடிகிற, குறுகலாக நிற்கிற ரகம் வேண்டும். ஒட்டு இல்லை, ரகம். இன்று 475 கிராம் பாக்கெட்டுக்குக் கட்டுகிற காசுக்குப் பயந்து விதையைத் தள்ளித் தள்ளி ஊன்றுகிறோம். செடி குறைவு என்பதால் ஒவ்வொரு செடியும் நிறையக் காய்க்க வேண்டும். நிறையக் காய்க்க நாள் நிறைய வேண்டும். நாள் நீண்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு மாதக்கணக்கில் பந்தி. முதல் பி.டி.யை அந்தப் புழு குஜராத்தில் தாண்டிவிட்டது என்று கம்பெனியே 2010இல் ஒத்துக்கொண்டது. 2006இல் வந்த இரண்டாவது பி.டி.யையும் அது பிறகு தாண்டியது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் விவசாயிகள் நெருக்கி ஊன்றி விரைவில் முடிக்கிறார்கள். அங்கே ஊன்றுவது ரகம். நாம்தான் ஏறத்தாழ நாடு முழுவதும் ஒட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஒட்டின் விதையை எடுத்து ஊன்றினால் குணம் சிதறிவிடும், ஆகவே வருஷா வருஷம் கடைக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றதை மறக்கவில்லை. ஆந்திர அரசு ஏகபோக ஆணையத்திடம் போன பிறகு 2006இல்தான் 750க்கு இறங்கியது. மத்திய அரசு வைத்த உச்ச விலை 2025இல் 901 ரூபாய்.

தத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இலையில் ரோமம் அடர்ந்து நீண்டிருந்தால் அதன் தொல்லை குறையும் என்று நம் அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே தெரியும், தடவிப் பார்த்தே சொல்வார்கள். அந்த ரோமத்துக்கான முக்கியமான இடம் 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் ரோமம் அதிகமானால் வெள்ளை ஈக்குச் சௌகரியம், பஞ்சிலும் இலைத்தூசி ஒட்டும், வியாபாரி விலையைக் குறைப்பான். எனவே எவ்வளவு ரோமம், எந்த மண்ணுக்கு என்பதை ஆய்வுக்கூடம் தனியாக முடிவு செய்ய முடியாது. வறட்சி தாங்குவதும் மகசூலும் இன்னும் சிக்கல். அவற்றை ஒரு இடம் இல்லை, எத்தனையோ இடங்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நிர்ணயிக்கின்றன.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. மார்க்கரை இயந்திரம் மட்டும் கண்டுபிடிப்பதில்லை. இரண்டு ரகத்தைச் சேர்த்து, அதன் பேரப்பிள்ளைச் செடிகளை நூற்றுக்கணக்கில் வளர்த்து, எது வாடியது, எது தாங்கியது, எது எத்தனை நாளில் வெடித்தது என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பையும் எழுத்தையும் பொருத்திப் பார்த்தால்தான் குறி கிடைக்கும். குறிப்பு தப்பு என்றால் குறியும் தப்பு. போர் தண்ணீர் பாய்கிற ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்த்துவிட்டு, கரிசலின் வறட்சிக்குக் குறி கண்டோம் என்று சொன்னால் யார் நம்புவது? ஐப்பசி மழை ஏமாற்றிய வருஷத்தில், மண் கை நுழைகிற அளவு வெடித்த பிறகும் நிற்கிற செடியை நம் பொம்பளைகள் காட்டுவார்கள். பருத்தி எடுக்கிறவர்களுக்குத் தெரியாததா! வேலையில் பாதி நம் காட்டில் நடக்க வேண்டியது. அப்படியென்றால் பலனிலும் நமக்குப் பாதி உண்டு.

நம் மாநிலத்துக்கு இது புதுசும் இல்லை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901இல் வந்தது, கருங்கண்ணியில் கே வரிசை ரகங்கள் அங்கேதான் பிறந்தன. எம்.சி.யு. 5, எல்.ஆர்.ஏ. 5166 எல்லாம் கோயம்புத்தூர் தந்தவை. 1974இல் கோயம்புத்தூரில் சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் சேர்த்து டாக்டர் வி.சந்தானம் சுவின் கொடுத்தார். பெயரே இரண்டு பெற்றோர் பெயரிலிருந்தும் எடுத்துச் சேர்த்தது. அத்தனை மெல்லிய நூலுக்கான பஞ்சு உலகத்தில் சில இடங்களில்தான் விளையும். சேலம் ஆத்தூர்ப் பக்கம் விளைந்தது. டி.என்.ஏ. இயந்திரம் இல்லாமல், கண்ணாலும் கையாலும் சாதித்தார்கள். இன்று இயந்திரம் இருக்கிறது, ரகம் எங்கே? ஆராய்ச்சிக் கட்டுரை பருத்தி எடுக்க வருமா?

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நம் கருங்கண்ணியை வெளிநாட்டுக்காரன் எடுத்துப்போக வேண்டுமென்றால் கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். இப்போது அதன் எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். கொட்டை இங்கேயே இருக்கும், பலன் எங்கோ போகும். 2024இல் கொலம்பியாவின் காலி நகரத்தில் உலக நாடுகள் கூடி, இப்படிப்பட்ட எழுத்துத் தகவலால் லாபம் பார்க்கும் கம்பெனிகள் ஒரு நிதிக்குப் பங்கு தர வேண்டும் என்று பேசி முடித்தார்கள். காலி நிதி என்று 2025 பிப்ரவரியில் தொடங்கினார்கள். கட்டாயம் இல்லை, மனமிருந்தால் தரலாம் என்கிற அளவில்தான் அது நிற்கிறது. கம்பெனிக்கு மனமிருந்து நாம் எப்போது பார்த்தோம்?

நம் கையில் சட்டம் இல்லாமல் இல்லை. செடியையும் விதையையும் இயற்கையான இனப்பெருக்க முறையையும் காப்புரிமைக்குள் கொண்டுவர முடியாது என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு சொல்கிறது. 2001ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையை எடுத்து வைக்க, ஊன்ற, மாற்றிக்கொள்ள, கம்பெனிப் பெயர் போடாமல் விற்க நமக்கு உரிமை தருகிறது. பதிவு செய்த ரகம் சொன்னபடி விளையாவிட்டால் நஷ்டஈடு கேட்கவும் அதே பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் நஷ்டஈடு கேட்கப் போனால் பழையபடி அதே கேள்வி: ஆதாரம் எங்கே? 1966 விதைச் சட்டம் முதல் தடவை தப்புச் செய்தவனுக்கு வைத்த அபராதம் 500 ரூபாய். அது பாக்கெட் விலைகூட இல்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு புதிய விதை மசோதா வரைவை வெளியிட்டது. சட்டம் எந்த உருவத்தில் வந்தாலும் நாம் கேட்பது மாறாது.

விற்கிற ஒவ்வொரு பருத்தி ஒட்டுக்கும் ரகத்துக்கும் அதன் டி.என்.ஏ. அடையாளத்தை விதைச் சான்றுத் துறையிடம் கம்பெனி முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். விவசாயி புகார் கொடுத்த பதினைந்து நாளுக்குள் அதிகாரி வயலுக்கு வந்து, சாட்சிகள் முன்னால் இலை எடுத்து, அரசு ஆய்வுக்கூடத்தில் இலவசமாகச் சோதித்து முடிவை எழுத்தில் தர வேண்டும். விவசாயி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, விற்றவன்தான் நிரூபிக்க வேண்டும். கோவில்பட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் மார்க்கர் வேலைக்கென்று ஆளும் பணமும் ஒதுக்கி, கரிசலுக்கு ரகம் உண்டாக்க வேண்டும், சோதனையை மானாவாரிக் காட்டில் விவசாயிகளோடு சேர்ந்து செய்ய வேண்டும். பொதுப் பணத்தில் கண்டுபிடிக்கிற மார்க்கர் பொதுவில் இருக்க வேண்டும். எந்தக் கம்பெனிக்கும் தனிச்சொத்தாக எழுதிக் கொடுக்கக் கூடாது.

இதை வலியுறுத்தி, இந்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தன்று காலை 10 மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம். பருத்தி போட்டவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். பில்லும் காலிப் பாக்கெட்டும் இருந்தால் எடுத்து வாருங்கள், லாட் நம்பர் தெரிகிற பக்கம் கிழியாமல் இருக்கட்டும். இந்தப் பருவத்தில் செடி சந்தேகமாக இருக்கிறவர்கள், மாறுபட்ட செடி ஒவ்வொன்றிலும் ஒரு இளம் இலையைக் கிள்ளி, தனித்தனிக் காகித உறையில் போட்டு, நிழலில் உலர்த்தி, காட்டுப் பெயரும் சால் எண்ணும் தேதியும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், வேர்த்து அழுகிவிடும்.

சங்கச் செயலாளர்